இரண்டு மாதிரிகளில் எது கூடச் சிதறுகிறது? நியம விலகலையும் வலையுருவரையத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழி

இரண்டு விசயங்களை ஒப்பிடச் சொன்னால் உடனே சராசரியைப் பார்ப்பது நம்மில் கனபேரின் பழக்கம். எந்த வகுப்புக்குச் சராசரிப் புள்ளி கூட, எந்தத் தோட்டத்தில் சராசரி விளைச்சல் கூட என்று கேட்டதும் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் கடையில் பாண் வாங்குகிறவருக்குச் சராசரிப் பாண் கிடைப்பதில்லை. அவர் பையில் விழுவது ஒரு குறிப்பிட்ட பாண், அது 428 கிராமா 469 கிராமா என்பது அந்தப் பேக்கரியின் பாண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் பொறுத்தது.

அந்தச் சிதறலை எப்படி அளப்பது (நியம விலகல்), எப்படி வரைவது (வலையுருவரையம், அதாவது ஒவ்வொரு இடைவெளியிலும் எத்தனை பெறுமானம் விழுகிறது என்று நிரல்களால் காட்டும் படம்), இரண்டு மாதிரிகளுக்கு இடையே எப்படி நேர்மையாக ஒப்பிடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவருக்கும், பல்கலைக்கழகத்தில் ஆய்வறிக்கைக்காகத் தரவு சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவருக்கும், மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் வாங்கி அனுப்பும் வியாபாரிக்கும் இது பயன்படும். கூட்டல், கழித்தல், வர்க்கம், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். உதாரணத்தில் வரும் நிறைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை, எந்த உண்மையான கடையையும் குறிப்பவை அல்ல.

படி 1: எதை ஒப்பிடுகிறோம் என்று தீர்மானித்து, மாதிரியை ஒழுங்காக எடுங்கள்

இலங்கையில் ஒரு இறாத்தல் பாணின் நியம நிறை 450 கிராம். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேக்கரிகளை எடுப்போம், ஒன்றுக்கு அ, மற்றதற்கு ஆ என்று பெயர். கேள்வி: எந்தப் பேக்கரியின் பாண் நிறையில் கூடச் சீராக இருக்கிறது?

கேள்வி எளிது, மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். பாண் போறணையால் வெளியே வந்ததும் ஆவியாக ஈரத்தை இழக்கத் தொடங்கிவிடும். ஆகவே அ பேக்கரியின் பாணைச் சுடச்சுடவும் ஆ பேக்கரியின் பாணைப் பின்னேரமும் நிறுத்தால், பேக்கரிகளின் வித்தியாசத்தோடு நேரத்தின் வித்தியாசமும் கலந்துவிடும், பிறகு எந்தக் கணக்காலும் அதைப் பிரிக்க முடியாது. இரண்டு இடத்திலும் வெளியே எடுத்து ஒரே அளவு நேரம் கழித்து, ஒரே தராசில் நிறுங்கள். ஒரே தட்டிலிருந்து பத்தையும் எடுக்காமல் வெவ்வேறு தட்டுகளிலிருந்தும், முடிந்தால் வெவ்வேறு நாட்களிலும் எடுங்கள். ஒரு தட்டுப் பாண் எல்லாம் ஒரே குழையலில் வந்திருக்கும், அதனால் உள்ளதைவிடச் சீராகத் தெரியும். தராசு ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசாக இருக்கட்டும். 25 கிராமுக்கு ஒரு கோடு போட்ட முள்ளுத் தராசில் 3 கிராம் வித்தியாசம் தெரியவே தெரியாது.

படி 2: நியம விலகலை ஒருமுறையாவது கையால் கணியுங்கள்

கணினி ஒரு நொடியில் தரும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒருமுறை கையால் செய்தவருக்குத்தான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும், பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் அவருக்குத் தானாகவே தெரியும்.

அ பேக்கரியின் பத்துப் பாண்கள் (கிராமில்): 444, 446, 447, 449, 450, 450, 451, 453, 454, 456.
ஆ பேக்கரியின் பத்துப் பாண்கள்: 428, 435, 441, 446, 449, 452, 456, 460, 464, 469.

இரண்டின் கூட்டுத்தொகையும் 4500, ஆகவே இரண்டின் சராசரியும் (பாடப்புத்தகத்தில் இடை) 450. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு பேக்கரியும் ஒன்றுதான்.

இப்போது ஒவ்வொரு பாணும் 450 இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதுங்கள். அ பேக்கரிக்கு −6, −4, −3, −1, 0, 0, 1, 3, 4, 6. இவற்றை அப்படியே கூட்டினால் பூச்சியம் வரும். எந்தத் தரவுக்கும் பூச்சியம்தான் வரும், ஏனெனில் சராசரி என்பதே மேலும் கீழும் உள்ள விலகல்கள் சமப்படும் இடம். அதனால் வர்க்கிக்கிறோம்: 36, 16, 9, 1, 0, 0, 1, 9, 16, 36. கூட்டினால் 124. பாண்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 9 ஆல் வகுத்தால் 13.78, இது மாறற்றிறன். இதன் அலகு கிராமின் வர்க்கம், அதை வைத்து ஒரு பாணைப் பற்றி எதுவும் பேச முடியாது. வர்க்கமூலம் எடுத்தால் மீண்டும் கிராமுக்கு வருகிறோம்: 3.71 கிராம். இதுதான் அ பேக்கரியின் நியம விலகல்.

ஆ பேக்கரியின் விலகல்கள் −22, −15, −9, −4, −1, 2, 6, 10, 14, 19. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1504. 9 ஆல் வகுத்தால் 167.11, வர்க்கமூலம் 12.93 கிராம்.

வர்க்கிப்பதால் ஒரு விளைவு உண்டு, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆ பேக்கரியில் −22 என்ற ஒரே ஒரு பாண் மட்டும் 1504 இல் 484 ஐக் கொடுத்திருக்கிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தூரத்தில் உள்ளவற்றுக்கு நியம விலகல் மிகக் கூடுதலான எடை கொடுக்கும்.

சரி, ஏன் 10 ஆல் வகுக்காமல் 9 ஆல் வகுத்தோம்? நமக்கு வேண்டியது இந்தப் பத்துப் பாணின் சிதறல் இல்லை, அந்தப் பேக்கரி போடும் எல்லாப் பாண்களினதும் சிதறல். அந்த முழுக் குடித்தொகையின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாததால் மாதிரியின் சராசரியையே வைத்து விலகலை அளந்தோம். மாதிரியின் சராசரி அந்த மாதிரியின் நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால், அதிலிருந்து அளக்கும் வர்க்க விலகல்களின் கூட்டுத்தொகை உண்மையான சராசரியிலிருந்து அளப்பதைவிட ஒருபோதும் கூட வராது, பெரும்பாலும் குறைவாகவே வரும். ஒன்றைக் குறைத்து வகுப்பது அந்தக் குறையை ஈடுசெய்கிறது. உங்களிடம் இருப்பதே முழுக் குடித்தொகை என்றால், உதாரணமாக ஒரு வகுப்பில் உள்ள அத்தனை மாணவரின் புள்ளியும் கையில் இருந்தால், எண்ணிக்கையாலேயே வகுக்கலாம். இணைந்த கணித வினாக்களில் பெரும்பாலும் அப்படித்தான் செய்வீர்கள், அந்த முறையில் அ பேக்கரிக்கு 3.52 உம் ஆ பேக்கரிக்கு 12.26 உம் வரும்.

கருவிகளில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. பல காசியோ கல்குலேட்டர்களில் சிக்மா குறியோடு வருவது எண்ணிக்கையால் வகுத்தது, எஸ் எழுத்தோடு வருவது ஒன்று குறைத்து வகுத்தது. எக்செல்லில் எஸ் என்று முடியும் சூத்திரம் மாதிரிக்கு, பி என்று முடியும் சூத்திரம் குடித்தொகைக்கு. ஆர் மொழி தானாகவே ஒன்று குறைத்து வகுக்கும். பைதன் மொழியில் நம்பை (NumPy) என்ற நிரல்தொகுப்பு, நீங்கள் சொல்லாவிட்டால் எண்ணிக்கையாலேயே வகுக்கும், அதே பைதனில் பாண்டாஸ் (pandas) என்ற நிரல்தொகுப்பு ஒன்று குறைத்து வகுக்கும். ஒரு மாதிரியை ஒரு கருவியிலும் மற்றதை இன்னொரு கருவியிலும் கணித்து ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் முளைத்துவிடும். எதை எடுத்தாலும் இரண்டு மாதிரிக்கும் ஒன்றையே எடுங்கள்.

படி 3: அந்த எண் என்ன சொல்கிறது?

அ பேக்கரியின் ஒரு பாண் 450 இலிருந்து ஏறத்தாழ 4 கிராம் தள்ளி இருப்பது வழமை. ஆ பேக்கரியில் 13 கிராம் தள்ளி இருப்பது வழமை. இப்படி அலகோடும் பொருளோடும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். வெறுமனே "நியம விலகல் 12.93" என்று எழுதிவிட்டுப் போனால் வாசிப்பவருக்கு எதுவும் கிடைக்காது.

பலரும் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: சராசரிக்கு இரு பக்கமும் ஒரு நியம விலகலுக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95 சதவீதம், மூன்றுக்குள் 99.7 சதவீதம். இது செவ்வன் பரம்பலுக்கு, அதாவது நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவத்துக்கு, உரிய விதி. வடிவம் என்னவென்று தெரியாத தரவுக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது ரஷ்யக் கணிதவியலாளர் செபிசேவ் தந்த விதிதான், அது மிகவும் தளர்வானது: எந்த வடிவமாக இருந்தாலும் இரண்டு நியம விலகலுக்குள் குறைந்தது 75 சதவீதம் இருக்கும், மூன்றுக்குள் குறைந்தது 89 சதவீதம் இருக்கும், அவ்வளவுதான். 95க்கும் 75க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த இடைவெளியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை நியம விலகல் சொல்லாது, படம்தான் சொல்லும்.

யாழ்ப்பாணத்து மழையே இதற்கு நல்ல உதாரணம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மாதங்களில் கொட்டிவிடுகிறது, மற்ற மாதங்களில் பல வறண்டவை. மாத மழைவீழ்ச்சியை எடுத்துச் சராசரியிலிருந்து இரண்டு நியம விலகலைக் கழித்தால் மறைப் பெறுமானம் வந்து நிற்கும். மறைப் பெறுமானத்தில் மழை பெய்யாது. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை, செவ்வன் வடிவத்துக்கான விதியை அந்த வடிவமே இல்லாத தரவில் போட்டதுதான் பிரச்சினை.

படி 4: வலையுருவரையத்தை வரையுங்கள், இரண்டுக்கும் ஒரே அச்சில்

பத்துப் பாணுக்கு வலையுருவரையம் வரைந்து பெரிய பயனில்லை, ஒவ்வொரு வகுப்பிலும் (நிறைகளைப் பிரிக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும்) ஒன்று இரண்டுதான் விழும். பத்தைப் புள்ளிகளாகவே ஒரு கோட்டில் குறித்துப் பாருங்கள், அது போதும். வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் 40 ஆவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம், இனி வரும் உதாரணங்களில் ஒவ்வொரு மாதிரியிலும் 40 பாண்.

எத்தனை வகுப்பு வைப்பது? ஸ்டர்ஜஸ் 1926 இல் தந்த விதிப்படி எண்ணிக்கையின் இரண்டாம் அடி மடக்கையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், 40 க்கு 6.3 வரும். ஆறு வகுப்பு வைப்போம்: 425 இலிருந்து 485 வரை பத்துப் பத்துக் கிராமாக. எல்லையில் சரியாக விழும் பாண் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். 435 கிராம் பாண் 435–445 வகுப்புக்குப் போகும் என்று வைத்தால் கடைசி வரை அப்படியே. விதி ஒரு தொடக்கம்தான், வகுப்பாயிடையை (ஒரு வகுப்பின் அகலத்தை) கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இரண்டு மூன்று தடவை வரைந்து பாருங்கள். எல்லாப் படத்திலும் தெரியும் வடிவத்தை நம்பலாம், ஒரு படத்தில் மட்டும் தலைகாட்டும் மேட்டை நம்ப வேண்டாம்.

ஒப்பிடுவதற்காக வரையும்போது ஒரு விதியை மட்டும் எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். இரண்டு படங்களுக்கும் கிடையச்சு ஒரே தொடக்கம், ஒரே முடிவு, ஒரே வகுப்பாயிடை. எக்செல்லில் 2016 பதிப்பிலிருந்து வலையுருவரையம் தனி வரைபடமாகவே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தரவுக்கும் அது தானாகவே வகுப்பைத் தெரிவுசெய்யும். 444 தொடக்கம் 456 வரை உள்ள அ பேக்கரியையும், 428 தொடக்கம் 469 வரை உள்ள ஆ பேக்கரியையும் அது ஒரே அகலப் பெட்டிக்குள் நீட்டிவிடும், இரண்டு படமும் ஒரே மாதிரிச் சிதறியதாகத் தெரியும். அச்சின் மேல் மவுசின் வலது பொத்தானைச் சொடுக்கி வகுப்பாயிடையையும் எல்லைகளையும் நீங்களே கொடுங்கள். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் கண் நேராகக் கீழிறங்கி ஒப்பிடும்.

மாதிரிகளின் எண்ணிக்கை வேறுபட்டால், ஒன்றில் 40 மற்றதில் 120 என்று இருந்தால், நிலையச்சில் மீடிறனை (எண்ணிக்கையை) போடாமல் சதவீதத்தைப் போடுங்கள். வகுப்பாயிடைகள் சமனில்லாமல் இருந்தால் பாடசாலையில் படித்ததுபோல நிரலின் பரப்பு மீடிறனுக்கு விகிதசமனாக வரவேண்டும். ஒப்பிடும் வேலைக்குச் சமனான வகுப்புகளே வசதி.

படி 5: படத்திலிருந்து சிதறலை வாசிப்பது (இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்)

இரண்டு வலையுருவரையங்களைக் கற்பனை செய்யுங்கள். நடுப்பெறுமானங்கள் 430, 440, 450, 460, 470. முதலாவதில் நிரல்களின் உயரம் 8, 8, 8, 8, 8. இரண்டாவதில் 2, 8, 20, 8, 2. கணக்குப் போடாமல் சொல்லுங்கள், எதில் நியம விலகல் கூட?

வகுப்பில் கேட்டால் கனபேர் இரண்டாவது என்பார்கள். முதலாவதில் எல்லா நிரலும் ஒரே உயரம், "மாற்றமே இல்லை", இரண்டாவதில் 2 இலிருந்து 20 வரை ஏறி இறங்குகிறது, ஆகவே "மாற்றம் கூட" என்பது அவர்களின் காரணம். கேட்கும்போது சரியாகவே படும். ஆனால் நிரலின் உயரம் பாணின் நிறை இல்லை, அந்த நிறையில் எத்தனை பாண் இருக்கிறது என்ற எண்ணிக்கை. நாம் தேடும் மாற்றம் கிடையச்சில் இருக்கிறது, நிலையச்சில் இல்லை.

கணித்துப் பார்ப்போம். முதலாவதில் 430 இல் 8 பாண், ஒவ்வொன்றும் 20 கிராம் தள்ளி, 440 இல் 8 பாண், 10 கிராம் தள்ளி, மறுபக்கமும் அப்படியே. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8000, 39 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 14.32 கிராம். இரண்டாவதில் 20 பாண் சராசரியிலேயே உட்கார்ந்திருக்கின்றன, அவை கூட்டுத்தொகைக்கு எதுவும் தருவதில்லை. மொத்தம் 3200, நியம விலகல் 9.06 கிராம். மட்டமான படம்தான் கூடச் சிதறியது.

இன்னும் ஒன்று: உயரங்கள் 16, 3, 2, 3, 16 என்று இரண்டு கரையிலும் குவிந்த மாதிரி. இதன் கூட்டுத்தொகை 13400, நியம விலகல் 18.54. மூன்றினதும் வீச்சு ஏறத்தாழ ஒன்றே, நியம விலகல்கள் 9, 14, 18.5. ஆகவே படத்தைப் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: சராசரி எங்கே விழுகிறது, அதிலிருந்து எத்தனை பாண்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன? நடுவில் குவிந்தால் குறைவு, எங்கும் பரவினால் கூட, கரைகளில் குவிந்தால் இன்னும் கூட. எண்ணைக் கணிப்பதற்கு முன் படத்தைப் பார்த்து ஒரு மதிப்பீடு சொல்லிப் பாருங்கள், கொஞ்ச நாளில் கண் பழகிவிடும்.

இங்கே நடுப்பெறுமானத்தை வைத்துக் கணித்ததால் கிடைத்தவை அண்ணளவானவை என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு பாணின் நிறையும் கையில் இருந்தால் அவற்றிலிருந்தே நியம விலகலைக் கணியுங்கள், வகுப்புகளைப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நியம விலகல் ஒன்றே, பேக்கரி வேறு

இந்த வழிகாட்டியை எழுதியதே இந்தப் படிக்காகத்தான். மூன்று பேக்கரி, ஒவ்வொன்றிலும் 40 பாண்.

இ பேக்கரி
425–435 ■■■ 3
435–445 ■■■■■■■■ 8
445–455 ■■■■■■■■■■■■■■■■■■ 18
455–465 ■■■■■■■■ 8
465–475 ■■■ 3
475–485 0

ஈ பேக்கரி
425–435 ■ 1
435–445 ■■■■■■■■■■■■■■■■ 16
445–455 ■■■■■■ 6
455–465 ■■■■■■■■■■■■■■■■ 16
465–475 ■ 1
475–485 0

உ பேக்கரி
425–435 0
435–445 ■■■■■■■■■■■■■ 13
445–455 ■■■■■■■■■■■■■■■■■■■ 19
455–465 ■■■■■ 5
465–475 ■ 1
475–485 ■■ 2

நடுப்பெறுமானங்களை வைத்துக் கணித்துப் பாருங்கள். மூன்றின் சராசரியும் 450. மூன்றிலும் வர்க்க விலகல்களின் கூட்டுத்தொகை 4000. மூன்றின் நியம விலகலும் 10.13 கிராம். அறிக்கையில் சராசரியையும் நியம விலகலையும் மட்டும் அட்டவணையாகப் போட்டிருந்தால் மூன்று வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்திருக்கும்.

ஆனால் மூன்றிலும் நடப்பது வேறு. இ பேக்கரியில் சாதாரண ஏற்ற இறக்கம், மாவைக் கையால் பிரிக்கும்போது வருவது. ஈ பேக்கரியில் இரண்டு குவியல், நடுவில் பள்ளம். இப்படி ஒரு படத்தைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டு வெவ்வேறு கூட்டம் கலந்திருக்கிறதா என்பதை: இரண்டு அளவு அச்சு, இரண்டு பேர் மா பிரிப்பது, காலையில் ஒரு குழையல் பின்னேரம் இன்னொன்று. அங்கே 450 என்ற சராசரி யாருடைய பாணையும் குறிப்பதில்லை, 10.13 என்பது ஒருவருடைய கைத்தடுமாற்றத்தையும் குறிப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கூட்டமும் உள்ளுக்குள் மிகச் சீராக இருக்கலாம். படி 2 இல் பார்த்த அ பேக்கரியின் பத்துப் பாணை 10 கிராம் கீழே தள்ளி ஒரு கூட்டமாகவும் 10 கிராம் மேலே தள்ளி இன்னொரு கூட்டமாகவும் வைத்து, இருபதையும் சேர்த்துக் குடித்தொகை முறையில் கணித்தால், 12.4 உம் 100 உம் சேர்ந்து மாறற்றிறன் 112.4, நியம விலகல் 10.60. தனித்தனியே 3.52. சிதறலின் பெரும்பகுதி இரண்டு கூட்டத்தின் சராசரிகளுக்கு இடையே உள்ள தூரத்தால் வந்தது. இணைந்த கணிதத்தில் கூட்டிய மாறற்றிறன் கணக்கு என்று நாம் செய்தது உண்மையில் இதைத்தான்.

உ பேக்கரியில் வலப்பக்கம் நீண்ட வால், அதாவது ஓராயம். பெரும்பாலான பாண் 450 ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழோ இருக்க, ஒரு சில பெரிய பாண்கள் சராசரியைத் தூக்கிப் பிடிக்கின்றன. 480 இல் உள்ள இரண்டு பாண் மட்டும் 4000 இல் 1800 ஐக் கொடுக்கின்றன.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். 445 கிராமுக்குக் குறைந்த பாண் இ பேக்கரியில் 40 க்கு 11, ஈ பேக்கரியில் 17, உ பேக்கரியில் 13. 435 க்கும் குறைந்தது முறையே 3, 1, 0. எந்தப் பேக்கரி நல்லது என்பதற்கான விடை உங்கள் கேள்வி எது என்பதைப் பொறுத்து மாறுகிறது, நியம விலகல் மூன்றிலும் அசையவே இல்லை.

புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கொம் 1973 இல் இதே கருத்தை இரண்டு மாறிகளில் காட்டினார். நான்கு தரவுத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், சராசரி, மாறற்றிறன், பிற்செலவுக் கோடு (புள்ளிகளுக்குப் பொருத்தும் நேர்கோடு) எல்லாம் ஏறக்குறைய ஒன்றே, வரைந்தால் நான்கும் நான்கு திசை. நியம விலகல் என்ற பெயரும் வலையுருவரையத்துக்கான ஆங்கிலப் பெயரும் 1890களில் கார்ல் பியர்சனிடமிருந்து வந்தவை என்பதை நினைக்கும்போது, தொடக்கத்திலிருந்தே இரண்டும் ஒரே மேசையில் இருந்த கருவிகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேலை செய்யும்போது படத்தை முதலில் வரையுங்கள், எண்ணைப் பிறகு கணியுங்கள். கணக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே எண்ணை முதலில் வைத்தேன்.

படி 7: முடிவு சொல்வதற்கு முன் மூன்று சோதனை

முதலாவது, தனித்து நிற்கும் பெறுமானம். அ பேக்கரியில் ஒரு 450 ஐ 540 என்று இலக்கம் மாற்றிப் பதிந்துவிட்டதாக வைப்போம். சராசரி 459 ஆகும், நியம விலகல் 3.71 இலிருந்து 28.70 க்குப் பாயும். ஒரே ஒரு பதிவால் மிகச் சீரான பேக்கரி மிக மோசமான பேக்கரியாக மாறிவிட்டது. காலணையிடை வீச்சை (பெறுமானங்களை வரிசைப்படுத்தினால் நடு அரைவாசி பரவியிருக்கும் அகலத்தை) பார்த்தால் 6 இலிருந்து 7 க்குத்தான் போகும். ஆகவே நியம விலகல் எதிர்பாராமல் பெருத்திருந்தால் காலணையிடை வீச்சையும் கணித்துப் பக்கத்தில் வையுங்கள், வலையுருவரையத்தில் தனியே நிற்கும் நிரலைத் தேடுங்கள். கண்டுபிடித்ததும் உடனே அழிக்காதீர்கள். மூலக் குறிப்பேட்டைப் பாருங்கள், பதிவுப் பிழை என்றால் திருத்துங்கள், உண்மையான பாண் என்றால் அது இருக்கட்டும், இருப்பதாக அறிக்கையில் எழுதுங்கள்.

இரண்டாவது, சராசரிகள் பெரிதாக வேறுபடுகின்றனவா? கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களின் சராசரி 400 கிராம், நியம விலகல் 40 என்றும், சின்ன வெங்காயத்தின் சராசரி 12 கிராம், நியம விலகல் 4 என்றும் வைப்போம். 40 ஐயும் 4 ஐயும் நேரே ஒப்பிட்டு மாம்பழம்தான் கூடச் சிதறுகிறது என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். நியம விலகலைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்கினால் வருவது மாறற் குணகம்: மாம்பழத்துக்கு 10 சதவீதம், வெங்காயத்துக்கு 33 சதவீதம். நிறை, நீளம், பணம் போல உண்மையான பூச்சியம் உள்ள அளவுகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். செல்சியஸ் வெப்பநிலைக்குப் போட்டால் அதே வெப்பநிலையைப் பரனைட்டில் எழுதியதும் வேறு சதவீதம் வரும், அதற்குப் பொருளே இல்லை.

மூன்றாவது, இந்த வித்தியாசம் மாதிரி எடுத்த அதிர்ஷ்டத்தால் வந்திருக்குமா? நியம விலகலும் ஒரு மதிப்பீடுதான், இன்னொரு பத்துப் பாண் எடுத்தால் இன்னொரு எண் வரும். டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலைசெய்த வில்லியம் கோசெட், ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் 1908 இல் எழுதியது சின்ன மாதிரிகளின் இந்தத் தடுமாற்றத்தைப் பற்றித்தான். தரவு செவ்வனுக்குக் கிட்ட இருந்தால், நியம விலகல் மாதிரிக்கு மாதிரி எவ்வளவு தடுமாறும் என்று மதிப்பிட ஒரு எளிய கணக்கு உண்டு: எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, நியம விலகலை அதால் வகுங்கள். பத்துப் பாணுக்கு இது நியம விலகலின் 24 சதவீதம், 40 பாணுக்கு 11 சதவீதம். ஆகவே பத்துப் பத்துப் பாண் எடுத்து ஒன்றில் 9, மற்றதில் 11 வந்தால் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அ, ஆ பேக்கரிகளில் 3.71 க்கும் 12.93 க்கும் இடையே அந்தச் சந்தேகம் இல்லை. மாறற்றிறன்களின் விகிதம் 12.1, இரண்டு மாறற்றிறன்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் எஃப் சோதனையில், பத்துப் பத்து மாதிரிக்கு 5 சதவீத மட்டத்தில் இரு பக்க எல்லை 4.03, விகிதம் அதைத் தாண்டினால் வித்தியாசத்தை நம்பலாம். எஃப் சோதனை செவ்வன் வடிவத்தை மிகவும் நம்பி நிற்பது, ஈ அல்லது உ பேக்கரி போன்ற படம் வந்தால் அதை விட்டுவிட்டு லெவீன் சோதனைக்கோ, இடையத்தை வைத்துச் செய்யும் பிரவுன் – ஃபோர்சைத் சோதனைக்கோ போங்கள். அதைத் தீர்மானிக்கவும் முதலில் படம் வேண்டும்.

படி 8: எழுதுவது

அறிக்கையில் எண்ணிக்கை, சராசரி, நியம விலகல், எப்படி வகுத்தீர்கள் என்பது, வடிவம் ஐந்தும் வரவேண்டும், ஒரே அச்சில் வரைந்த படங்களும் கூடவே. "சராசரி 450 ± 12.93" என்று மட்டும் எழுதினால் அந்த ± நியம விலகலா, சராசரியின் நியம வழுவா (சராசரி மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறும் என்பதா) என்று வாசிப்பவருக்குத் தெரியாது. பத்துப் பாணுக்கு நியம வழு 4.09 தான், இரண்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். சிதறலைச் சொல்ல வந்த இடத்தில் நியம வழுவைப் போட்டால் தரவு உள்ளதைவிடச் சீராகத் தெரியும்.

அ, ஆ பேக்கரிகளுக்கு நான் இப்படி எழுதுவேன்: "ஒவ்வொரு பேக்கரியிலும் பத்து இறாத்தல் பாண், வெளியே எடுத்து ஒரே நேர இடைவெளியில் நிறுக்கப்பட்டன. இரண்டின் சராசரியும் 450 கிராம். மாதிரி நியம விலகல் (ஒன்று குறைத்து வகுத்தது) அ பேக்கரியில் 3.7 கிராம், ஆ பேக்கரியில் 12.9 கிராம், காலணையிடை வீச்சு முறையே 6 உம் 19 உம். ஒரே அச்சில் குறித்த புள்ளிகளில் இரண்டும் சராசரியின் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியுள்ளன, தனித்து நிற்கும் பெறுமானம் எதுவும் இல்லை. வடிவத்தைப் பற்றி மேலும் சொல்ல மாதிரி போதாது, ஒவ்வொரு பேக்கரியிலும் 40 பாண் நிறுக்க வேண்டும்."